இரண்டு பஞ்சாங்கம், ஒரே வானம்: அப்பாவின் திதியை எதைப் பார்த்துக் கொடுப்பது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது எந்தப் பஞ்சாங்கம் சரி என்ற கேள்வி. அம்மா பழைய வாக்கிய முறையில் வரும் பாம்புப் பஞ்சாங்கத்தைப் பார்த்து அப்பாவின் திதி திங்கட்கிழமை என்கிறார். இன்று வானத்தில் தெரிவதோடு ஒத்துப்போகும் திருக்கணித முறையில் கணக்கிடும் உங்கள் கைப்பேசிச் செயலி செவ்வாய் என்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன், சென்னையில் சொல்லும் நாளையே தானும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். சனிப்பெயர்ச்சி வேறு திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 என்றும் வாக்கியப்படி 2026 மார்ச் 6 என்றும் இரண்டு முறை சொல்லப்பட்டது. ஆனால் உங்கள் மனத்தை அரிப்பது கடைசி வரியில்தான் இருக்கிறது: ஒன்று தப்பென்றால், அம்மா இத்தனை வருஷமும் தப்பான நாளிலா திதி கொடுத்துவந்தார்? இதில் மூன்று வேறு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. சந்திரனும் சனியும் வானத்தில் எங்கே இருக்கின்றன என்பது ஒன்று. அதற்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை உண்டு. ஒரு சடங்கை எந்த நாளில் செய்வது என்பது இரண்டாவது. அது மரபு வகுத்த விதியைச் சார்ந்தது. சனி ராசி மாறினால் நம் வாழ்வில் ஏதாவது மாறுமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பதில் தேடும்போதுதான் வீட்டில் சண்டை வருகிறது.

முதலில் திதி என்றால் என்ன என்பதில் தொடங்க வேண்டும். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. அமாவாசை முடியும் கணத்தில் கோணம் பூஜ்யம். 12 பாகை ஆகும்வரை பிரதமை, 24 வரை துவிதியை, 180-ல் பௌர்ணமி முடிகிறது. சந்திரனின் தீர்க்காம்சத்திலிருந்து (ராசிச் சக்கரத்தில் அது நிற்கும் இடத்தின் பாகை) சூரியனுடையதைக் கழித்து 12-ஆல் வகுத்தால் போதும். 127 பாகை வந்தால் ஈவு 10, மீதி 7. பத்துத் திதிகள் முடிந்து பதினொன்றாவது, அதாவது வளர்பிறை ஏகாதசி நடக்கிறது. இது கழித்தல் கணக்கு என்பதால் அயனாம்சம், அதாவது ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்பதற்கான திருத்தம், பற்றிய வாதங்கள் எதுவும் திதியைத் தொடாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு கூட்டினாலும் குறைத்தாலும் வித்தியாசம் மாறாதல்லவா? நட்சத்திரமும் ராசியும் அப்படியில்லை, அவற்றுக்கு அயனாம்சம் வேண்டும். ஆகவே இரண்டு பஞ்சாங்கங்கள் திதியில் வேறுபட்டால் முக்கியக் காரணம் ஒன்றுதான்: சந்திரன் எங்கே இருக்கிறது என்பதிலேயே அவை வேறுபடுகின்றன.

ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு வாக்கியப் பஞ்சாங்கம் எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும். 'வாக்கியம்' என்பதை ரிஷிகள் அருளிய வாக்கு என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அதை மாற்றக் கூடாது என்ற எண்ணம் அதிலிருந்துதான் வருகிறது. இங்கே வாக்கியம் என்பது எண்களை மனப்பாடம் செய்வதற்காகச் சொற்களாகக் கட்டிய சூத்திரம். கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு; சேர்ந்து வரும் மெய்களில் கடைசிக்கு மட்டும் மதிப்பு. சந்திர வாக்கியங்களில் முதலாவது 'கீர்ந ச்ரேய'. இதில் கீ 3, ந 0, ரே 2, ய 1. கடைசியிலிருந்து திருப்பிப் படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). சந்திரன் தன் பாதையில் பூமிக்கு மிகத் தொலைவில் இருக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு முதல் நாளில் நகரும் தூரம் அது. இப்படி மொத்தம் 248 வாக்கியங்கள். ஏன் 248? சந்திரன் அந்தத் தொலைவுப் புள்ளிக்குத் திரும்பிவர 27.55 நாள் ஆகிறது; ஒன்பது சுற்றுக்கு 248 நாள் கிட்டத்தட்ட முழுமையாகப் பொருந்துகிறது. அதற்குமேல் அதே பட்டியலை மறுபடி தொடங்கலாம். இந்த வாக்கியங்களை வரருசி என்ற பழங்காலக் கணிதர் இயற்றியதாக மரபு சொல்கிறது. தாளும் எழுதுகோலும் இல்லாமல் சந்திரனைக் கையில் பிடித்துவைக்க இதைவிட அழகான வழியை நான் அறியேன்.

அதன் குறை எங்கே என்றும் சொல்ல வேண்டும். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அருகில் வரும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும். வாக்கியம் இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, ஏறக்குறைய 5 பாகை வரை. ஆனால் சூரியனின் ஈர்ப்பு சந்திரனை இழுப்பதால் இன்னொரு பெரிய ஆட்டம் உண்டு, அதன் அளவு 1.27 பாகை. அமாவாசை, பௌர்ணமி சமயங்களில் இந்த ஆட்டம் முதல் ஏற்றத்தாழ்விலிருந்து கழிந்து மொத்தத்தை 5 பாகையாக்குகிறது. அஷ்டமிக்கு அருகில் அதோடு கூடி 7.5 பாகையாக்குகிறது. வாக்கியத்தின் 5 பாகை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சரியாகப் பொருந்துவது இதனால்தான். பழைய கணிதர்கள் தங்கள் கணக்கைக் கிரகணங்களை வைத்துச் சரிபார்த்தார்கள், கிரகணம் அந்த இரண்டு நாட்களில்தான் வரும். நடுப்பக்கத்தில், அதாவது சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி வாக்கில், 2.5 பாகை வரை பிழை வரலாம். சூரியனைவிட்டு சந்திரன் நாளொன்றுக்குச் சராசரி 12.2 பாகை விலகுவதால் 2.5 பாகை என்பது சுமார் 5 மணி நேரம். உங்கள் வீட்டில் அமாவாசைத் தர்ப்பணத்துக்கு வராத சண்டை தசமித் திதிக்கு வருவது இதனால்தான்.

இதே குறை இன்னொரு இடத்திலும் வெளிப்படும். 'பாண விருத்தி, ரச க்ஷயம்' என்று பழைய வழக்கு ஒன்று உண்டு. பாணம் 5, ரசம் 6. ஒரு திதி 60 நாழிகையிலிருந்து 5 நாழிகை கூடலாம், 6 நாழிகை குறையலாம் என்று பொருள். அதாவது 21 மணி 36 நிமிடத்திலிருந்து 26 மணி வரை. திருக்கணிதம் தவறு என்பதற்குச் சான்றாக இந்த விதியை எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு, ஏனென்றால் திருக்கணிதத்தில் திதி ஏறக்குறைய 20 மணிக்குக் குறைந்தும் 26 மணி 45 நிமிடத்துக்கு நீண்டும் வருகிறது. ஆனால் அந்த விதி, 5 பாகை ஏற்றத்தாழ்வை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கின் விளைவு. கணக்கின் விளைவை வைத்தே அந்தக் கணக்கு சரி என்று நிறுவ முடியாது.

பழைய முறையை இளக்காரமாகப் பேசுபவர்களுக்காக ஒரு செய்தி. 1825-ல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் கணக்கிட்டதை உடனிருந்து பதிவுசெய்தார். கணக்கிடப்பட்டது அந்த ஆண்டு மே 31 இரவு தொடங்கிய சந்திர கிரகணம். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். ஒரு நூல்கூட இல்லாமல் வந்த விடை அது. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த ஒரு பட்டியலுக்கு இது பெரிய சாதனை. ஆனாலும் 52 நிமிடம் 52 நிமிடம்தான்.

ஐந்து மணி நேரப் பிழை எப்படி ஒரு முழு நாளாகிறது என்பதைக் கற்பனையான எண்களால் காட்டுகிறேன். திதி கொடுக்கும் நாளைத் தீர்மானிப்பது சூரிய உதயத்தில் இருக்கும் திதி இல்லை. பகல்பொழுதை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு அபராஹ்ணம். அந்தப் பொழுதில் திதி இருக்க வேண்டும். காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்றால் ஒரு பங்கு 2 மணி 24 நிமிடம். அபராஹ்ணம் பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. வாக்கியப்படி தசமி திங்கள் பகல் 1 மணிக்குத் தொடங்கிச் செவ்வாய் 12.40-க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அபராஹ்ணத்தில் தசமி இருப்பது திங்களன்று. திருக்கணிதப்படி அதே தசமி திங்கள் மாலை 4.50-க்குத் தொடங்கிச் செவ்வாய் 4.30-க்கு முடிந்தால், அபராஹ்ணத் தசமி செவ்வாயன்று. வேறுபாடு நான்கு மணிக்கும் குறைவு. காலண்டரில் அது ஒரு நாள். உங்கள் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

சனியின் கதை வேறு. அங்கே மணிக்கணக்கில் வித்தியாசம் வருவதில்லை, மாதக்கணக்கில் வருகிறது. சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. மகரத்துக்கு வந்தது 2020 ஜனவரி 24, வாக்கியப்படி 2020 டிசம்பர் 27. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 11 மாதம். இதில் எது வானத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்குக் கண்ணால் பார்த்த சாட்சி உண்டு. 2020 டிசம்பர் 21 மாலை மேற்கு வானில் குருவும் சனியும் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் நின்றன; இடைவெளி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு. உலகம் முழுக்க மக்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தார்கள். அன்று வாக்கியப்படி குரு மகர ராசிக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது (நவம்பர் 15-ல் வந்தது), சனியோ இன்னும் தனுசில் இருந்தது. கணக்கின்படி இரண்டுக்கும் நடுவே பல பாகை தூரம், கண்ணுக்கு முன்னால் ஒரு மயிரிழை. இங்கே அயனாம்சத்தைக் காரணம் சொல்ல முடியாது, ஏனென்றால் இது இரண்டு கிரகங்களுக்கு இடையே உள்ள தூரம். வாக்கியத்தின் சனி இப்போது 7 முதல் 9 பாகை பின்தங்கியிருக்கிறது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

பின்தங்கியது ஏன்? அடிப்படை எண்கள் ஆரியபடரின் காலத்தை, அதாவது கி.பி. 499-ஐ ஒட்டியவை. ஒரு கிரகத்தின் வேகத்தில் ஆண்டுக்கு 17 விகலை மட்டும் தவறு இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. 17 விகலை என்பது வெறும் கண்ணால் எந்தக் காலத்திலும் காண முடியாத அளவு. அதுவே 1,500 ஆண்டு சேர்ந்தால் 7 பாகை. ஆக, மூலத்தை எழுதியவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று சொல்ல நியாயம் இல்லை. அவ்வப்போது திருத்தாமல் விட்டதே காரணம். நம் மரபே திருத்தத்தை விதித்திருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறது. கேரளத்தில் 683-ல் ஹரிதத்தர் பரஹிதம் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். பரமேசுவரர் 55 ஆண்டுகள் வானத்தைப் பார்த்து, அதுவும் போதாது என்று கண்டு, 1431-ல் திருக்கணிதம் என்ற பெயரிலேயே புதிய முறையை எழுதினார். 'திருக்' என்றால் பார்வை. கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகும் கணிதம் என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி, 1867-ல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர், அவரும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். ஆகவே திருக்கணிதத்தை மேல்நாட்டு இறக்குமதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேளாவேளைக்குத் திருத்துவதுதான் பழைய வழக்கம். திருத்தாமல் இருப்பதே பிற்காலத்து வழக்கம்.

அதே நேரத்தில் திருக்கணிதக்காரர்கள் ஒரு விஷயத்தை மிகைப்படுத்துகிறார்கள். சனி இருக்கும் இடம் உறுதி. ஆனால் மீன ராசி எங்கே தொடங்குகிறது என்பது வானத்தில் கோடு போட்டு எழுதப்படவில்லை. இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் 1952-ல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21-க்கு அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று வைத்துக்கொண்டது. இன்று நாம் லாகிரி அயனாம்சம் என்று சொல்வது அதைத்தான். சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிரே மேஷம் தொடங்குவதாகக் கொண்ட ஏற்பாடு அது. ராமன் அயனாம்சம் அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வேறுபடும். சனி ஒரு பாகை நகரச் சராசரி 30 நாள் ஆவதால், அயனாம்சத்தை மாற்றினாலே பெயர்ச்சித் தேதி ஒன்றரை மாதம் தள்ளிப்போகும். '2025 மார்ச் 29 இரவு இத்தனை மணிக்குச் சனி மீனத்தில் நுழைகிறது' என்பது லாகிரி ஒப்பந்தத்துக்குள் மட்டும் துல்லியம். நிமிடம் வரை அச்சிட்டிருப்பதால் இயற்கையே அந்த நிமிடத்தைக் குறித்துக் கொடுத்ததாக நினைத்துவிடக் கூடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அப்பா மறைந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தாளில் எழுதுங்கள். மறைந்த கணத்தில் நடந்த திதிதான் அவருடைய திதி. அன்று காலை காலண்டரில் அச்சிட்டிருந்தது அதுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. காலை 9 மணிக்கு நவமி முடிந்திருக்கும், மறைவு மாலை 5 மணிக்கு நடந்திருக்கும், காலண்டரில் தடித்த எழுத்தில் நவமி என்றிருப்பதைப் பார்த்து நவமி என்று குறித்துவிடுவார்கள். நள்ளிரவுக்குப் பின் விடியலுக்குள் என்றால் ஆங்கிலத் தேதி மாறியிருக்கும், அதையும் கவனியுங்கள். ஸ்டெல்லேரியம் போன்ற இலவச வான்செயலியில் அந்த நேரத்தை வைத்துச் சூரியன், சந்திரன் இரண்டின் தீர்க்காம்சத்தையும் எடுத்து, முன்பு சொன்னபடி கழித்து வகுத்தால் நீங்களே சரிபார்த்துவிடலாம். கழித்தால் குறை எண் வந்தால் 360-ஐக் கூட்டுங்கள். விடை 15-க்கு மேல் போனால் தேய்பிறை, 24.3 என்றால் 24 முடிந்து 25-ஆவது, அதாவது தேய்பிறை தசமி. அடுத்து தமிழ் மாதத்தைக் குறியுங்கள். தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் சௌரமான (சூரியனை வைத்துக் கணக்கிடும்) மாதம், உதாரணமாக ஆனி மாதத் தேய்பிறை தசமி. தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் சாந்திரமான (சந்திரனை வைத்துக் கணக்கிடும்) மாதத்தைக் கொள்ளும், மலையாள வழக்கில் நட்சத்திரம். உங்கள் வீட்டு வழக்கம் எது என்று அம்மாவுக்குத் தெரியும்.

இந்த மூன்றும், அதாவது மாதம், பட்சம், திதி, உறுதியான பிறகு ஒவ்வொரு ஆண்டும் அந்த மாதத்தில் அந்தத் திதி எந்த நாளின் அபராஹ்ணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நல்ல பஞ்சாங்கங்களில் இதைக் கணக்கிட்டுச் 'சிராத்த திதி' என்று தனியாகவே போட்டிருப்பார்கள். ஒரே நாளில் இரண்டு திதி விழுந்தால் 'திதித்வயம்', எந்தத் திதியும் விழாவிட்டால் 'அதிதி' என்று குறிப்பு இருக்கும். ஒரு மாதத்தில் ஒரே திதி இரண்டு முறை வந்தால் இரண்டாவதைக் கொள்வது பரவலான வழக்கம். இரண்டு நாளும் அபராஹ்ணத்தில் திதி இருந்தாலோ, மாதத்தில் வராமலே போனாலோ, விதி சம்பிரதாயத்துக்குச் சம்பிரதாயம் மாறுகிறது. அதை இங்கே நான் தீர்ப்பாகச் சொல்வது முறையாகாது, உங்களுக்குத் திதி கொடுத்துவைக்கும் வாத்தியாரைக் கேளுங்கள்.

அண்ணனுக்கு: திதி என்பது உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிவது, அபராஹ்ணம் மட்டும் அந்தந்த ஊருக்குரியது. எனவே திதியின் தொடக்கத்தையும் முடிவையும் அவர் ஊர் நேரத்துக்கு மாற்றி, அவர் ஊர் அபராஹ்ணத்தோடு ஒப்பிட வேண்டும். இந்திய நேரம் திங்கள் மாலை 5 முதல் செவ்வாய் மாலை 4 வரை தசமி என்றால் சென்னையில் செவ்வாயன்று திதி. நியூ ஜெர்சியில் கோடைக்காலத்தில் ஒன்பதரை மணி நேரம் பின். அங்கே தசமி திங்கள் காலை 7.30-க்குத் தொடங்கிச் செவ்வாய் காலை 6.30-க்கு முடிந்துவிடும், ஆகவே திங்கள். குளிர்காலத்தில் வித்தியாசம் பத்தரை மணி. அபராஹ்ணமும் அங்கே ஆண்டு முழுக்க ஒன்றாக இராது: ஜூனில் காலை 5.30-க்கு உதயம், இரவு 8.30-க்கு அஸ்தமனம் என்றால் பகல் 15 மணி, பங்குக்கு 3 மணி, அபராஹ்ணம் 2.30 முதல் 5.30 வரை. டிசம்பரில் அது 12.48-க்கே தொடங்கி 2.39-க்கு முடிந்துவிடும். சென்னைக் காலண்டரின் ராகு காலத்தை அங்கே அப்படியே எடுத்துக்கொள்வதும் இதே தவறு; ராகு காலம் உள்ளூர்ப் பகலின் எட்டில் ஒரு பங்கு. அண்ணனும் நீங்களும் வேறு வேறு கிழமையில் செய்தால் இருவரும் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

இப்போது அம்மாவின் கேள்வி. வானத்தின்படி திருக்கணிதம் சரி என்று சொல்லிவிட்டேன். அதனால் அம்மா செய்ததெல்லாம் வீண் என்று ஆகாது. சிராத்தம் என்ற சொல்லே சிரத்தையிலிருந்து வந்தது. குடும்பமும் வாத்தியாரும் ஏற்றுக்கொண்ட ஒரு பஞ்சாங்கத்தை ஆண்டுதோறும் மாறாமல் பின்பற்றுவதைத் தமிழ்நாட்டு மரபு சிஷ்டாசாரம் (சான்றோர் வழக்கம்) என்று மதிக்கிறது, வாக்கியத்தைப் பின்பற்றும் குடும்பங்களையும் கோயில்களையும் பொதுவாக அனாசாரம் என்று சொல்வதில்லை. இது என் கருத்துதான், சாஸ்திரத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்: அம்மா இருக்கும்வரை அம்மாவின் பஞ்சாங்கத்திலேயே தொடருங்கள். பிற்காலத்தில் மாற்ற விரும்பினால் வாத்தியாரோடு பேசி ஒரே முறை மாற்றி, அதன்பின் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு இது, மறு ஆண்டு விடுமுறைக்குத் தோதான அது என்று மாறிமாறி எடுப்பதுதான் உண்மையில் தவறு.

சனிப்பெயர்ச்சி விழாவுக்கும் இதே பதில். காரைக்கால் அருகே திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயிலில் வாக்கியப்படி விழா நடக்கிறது. கோயில் விழா அந்தக் கோயிலின் வழக்கப்படி நடப்பது முறைதான். கூட்டம் கூடிச் சாமி கும்பிடுவதற்கு 8 பாகை பிழை எந்தக் குறையும் வைக்காது. சிக்கல் எப்போது வருகிறதென்றால், அதே நாளை வைத்துத் தனி மனிதருக்குப் பலன் சொல்லி, பயம் காட்டி, பரிகாரத்துக்குப் பணம் கேட்கும்போது. ஒரே சனிக்கு 11 மாத இடைவெளியில் இரண்டு முறை பரிகாரம் செய்யச் சொல்லியிருந்தால், ஒருமுறையாவது சனி ராசி மாறாத நேரத்தில் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்பது நிச்சயம்.

ஜாதகம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. தசா இருப்பு (பிறக்கும்போது நடக்கும் கிரக தசையில் மீதமிருக்கும் காலம்), பிறந்த நேரத்தில் சந்திரன் தன் நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் கடந்திருந்தது என்பதை வைத்து வருகிறது. ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. சுக்கிர தசை 20 ஆண்டு. ஆக ஒரு பாகைக்கு ஒன்றரை ஆண்டு. சந்திரனில் 2.5 பாகை வித்தியாசம் இருந்தால் தசா இருப்பில் ஏறக்குறைய நான்கு ஆண்டு தள்ளும். பிள்ளை பரணியின் கடைசிப் பாதத்தில் பிறந்திருந்தால் நட்சத்திரமே கார்த்திகையாக மாறலாம். பெண் ஜாதகம் வாக்கியம், மாப்பிள்ளை ஜாதகம் திருக்கணிதம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். ஒரு முழத்தையும் ஒரு மீட்டரையும் சேர்த்துத் துணி அளப்பதற்குச் சமம் அது. பொருத்தம் பார்ப்பதென்றால் இரண்டு பிறந்த நேரங்களையும் வாங்கி ஒரே முறையில் புதிதாகக் கணித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொருத்தம் இல்லை என்று நின்றுபோன சில திருமணங்களுக்குப் பின்னால் இந்தக் கலப்பு இருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சனி ராசி மாறினால் நமக்கு என்ன ஆகும் என்பதில், முன்பு பேசிய உறுதியோடு என்னால் பேச முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு விளைவு உண்டு என்பது எந்தச் சோதனையிலும் நிலைநாட்டப்படவில்லை. 2008-ல் வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் உடனிருந்தவர்களும் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். அறிவுக்கூர்மை மிக்க மாணவர்கள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என்று இரு பிரிவினரின் ஜாதகங்களை ஒன்றாகக் கலந்து, ஒவ்வொரு ஜோதிடருக்கும் 40 கொடுத்து, யார் எந்தப் பிரிவு என்று சொல்லச் சொன்னார்கள். 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சரியாகச் சொன்னது சராசரியாக 46 விழுக்காடு. காசு சுண்டினால் 50 வரும். இது ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான ஒரு சோதனை, கோசார பலனை, அதாவது கிரகப் பெயர்ச்சிப் பலனை, இது நேரடியாகச் சோதிக்கவில்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் பெயர்ச்சிப் பலனுக்கு இன்னொரு சோதனை தானாகவே நடந்துகொண்டிருக்கிறது: வாக்கிய ஜோதிடரும் திருக்கணித ஜோதிடரும் சனியை 11 மாதம் வேறு வேறு ராசியில் வைத்துப் பலன் சொல்கிறார்கள், இருவருக்கும் பலித்ததாகச் சொல்லும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

இதனால் புராணக் கதைகளையும் தூக்கி எறிய வேண்டும் என்று தோன்றினால், பொறுங்கள். சனியின் வடமொழிப் பெயர் சனைச்சரன், மெல்ல நடப்பவன். கால் ஊனமானவன் என்று கதை சொல்கிறது. வானத்தில் அது ஒரு சுற்றுக்கு 29 ஆண்டு 5 மாதம் எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் கிரகங்களில் அதுவே மிக மெதுவானது. பன்னிரண்டால் வகுத்தால் ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு, மூன்று ராசிக்கு ஏழரை. ஏழரைச் சனி என்ற சொல்லே ஒரு வானியல் அளவு. ராகு, கேது கதை இதைவிட வியப்பு. அமுதம் உண்ட அசுரனின் தலையும் உடலும் சூரிய சந்திரரைப் பின்தொடர்ந்து விழுங்குவதாகப் புராணம். சூரியன் பாதையும் சந்திரன் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளுக்கு அந்தப் பெயர்களை வைத்து, அவை 18.6 ஆண்டில் பின்னோக்கி ஒரு சுற்று வருவதைக் கணக்கிட்டு, அவற்றுக்கு அருகில் அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால்தான் கிரகணம் என்று வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிக்கு முகமும் பசியும் கொடுத்துக் குழந்தைக்கும் நினைவிருக்கும்படி செய்த ஏற்பாடு அது. கதையைக் கதையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கூடவே புள்ளியையும் காட்டுங்கள்.

கிரக பயத்துக்கு மரபுக்கு உள்ளேயே பழைய பதில் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்ததாகவும், திருமறைக்காட்டில் இருந்தபடி ஒன்பது கோள்களையும் வரிசையாகப் பேர் சொல்லி, அடியாருக்கு எல்லாம் நல்லவையே என்று சம்பந்தர் பாடிவிட்டுக் கிளம்பியதாகவும் வரலாறு. கோளறு பதிகம் என்று வீடுகளில் இன்றும் பாடுவது அதுதான். சனிப்பெயர்ச்சி என்று அம்மா கலங்கினால், பரிகாரப் பட்டியலுக்கு முன் இதை நினைவூட்டுங்கள். அவருக்கு மனப்பாடமாகவே இருக்கலாம்.

கடைசியாக ஒரு சிறு வேலை. அப்பாவின் மாதம், பட்சம், திதி, மறைந்த நேரம், நீங்கள் பின்பற்றும் பஞ்சாங்கம் வாக்கியமா திருக்கணிதமா, வாத்தியார் சொன்ன சம்பிரதாயம், இவற்றை ஒரு தாளில் எழுதி ஒரு படியை அண்ணனுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த ஆண்டு திதிக்கு ஒரு மாதம் முன்பே அந்தத் தாளை எடுத்து, புதிய பஞ்சாங்கத்தில் அபராஹ்ணத்தைப் பார்த்து, அம்மாவிடம் நாளைச் சொல்லுங்கள். செயலியின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான செயலிகள் உதயத்தில் இருக்கும் திதியைத்தான் முதலில் காட்டும்.